காப்பிக் கிண்ணத்தை ஆட்டத் தெரியாதவள்

உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே அக்கா? நாகர்கோவிலில் ஏறி திருச்செந்தூர் போற பஸ்ஸில் உக்காந்துக்கிட்டு இது என்ன கேள்வின்னு பாக்காதீங்க. கேக்காமப் பேசி ஒரு தடவை நல்லாப் பட்டுட்டேன். அதிலிருந்து பக்கத்தில் யார் உக்காந்தாலும் முதலில் இதைக் கேட்டுக்கிடுவேன். தலையாட்டுறீங்க, அப்போ தெரியும். நல்லது. பாப்பா கால் உங்க மேல படுதா? தள்ளி விட்டுருங்க, தூங்கினா முழிக்க மாட்டா. இந்த போனை நமக்கு நடுவில் இப்படி வச்சுக்கிடுறேன். அவ கைக்கு எட்டினா வாயில் வச்சுருவா.

பெட்டியில் கட்டியிருக்கிற ஏர்போர்ட் சீட்டைத்தானே பாக்கிறீங்க? மஸ்கட்டில் இருந்து வாறோம். உடன்குடிப் பக்கம் எங்க ஊர்.

நான் அதிகம் பேசுறவ கிடையாது. அதை முதலிலேயே சொல்லிருறேன். எட்டாவது வரைக்கும் படிச்சேன், டீச்சர் கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பேன், அவ்வளவுதான். பதில் தெரியும். வாய்தான் வராது. பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வீட்டுக்காரர் எங்க அண்ணனைத் தனியாக் கூப்பிட்டு, "பொண்ணுக்குப் பேச்சு வரும்லா?"ன்னு கேட்டாராம். அந்த அளவுக்குக் கூச்சம்.

எங்க வீட்டுக்காரர் அங்கே ஏசி மெக்கானிக். கம்பெனி கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறவர். என்னையும் பாப்பாவையும் விசிட் விசாவில் கூப்பிட்டிருந்தார். குடும்பத்தோடு லீவில் போன ஒருத்தர் அறையில் தங்கியிருந்தோம். அவங்க திரும்பி வாற நேரம் ஆயிட்டுது. அவங்க வந்தா நாங்க கிளம்பணும். எங்களை மாதிரி ஆளுங்க அங்கே தனி வீடு எடுக்க முடியாது அக்கா. ஒரு குடும்பம் வீடு எடுக்கும், அதில் ஒரு அறையை இன்னொரு குடும்பத்துக்கு விடும். அடுப்பு பொது, குளிக்கிற அறையும் பொது. அப்படி ஒரு அறை சூப்பர்வைசர் ஜெயசிங் அண்ணன் வீட்டில் காலியாகப் போகுதுன்னு கேள்விப்பட்டோம். அது கிடைச்சா விசாவை மாத்திக்கிட்டு நானும் பாப்பாவும் அங்கேயே இருக்கலாம். கிடைக்கலைன்னா ஊர். அப்பாவைப் பாப்பா மறுபடியும் போனில்தான் பாக்கணும். அவர் போனுக்குள்ளே இருக்கிற ஆளுன்னுதான் முன்னாடி அவ நினைச்சுக்கிட்டிருந்தா.

அப்படி இருக்கும்போது ஜெயசிங் அண்ணனே, "வியாழக்கிழமை பாலைவனத்துக்குப் போய் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிட்டு வருவோமா? நாங்க ரெண்டு பேரு, நீங்க மூணு பேரு"ன்னு கூப்பிட்டார். எங்க வீட்டுக்காரருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அன்னைக்குப் பூரா எனக்குப் பாடம்.

"ஏட்டி, அண்ணன் குடுத்துருவார். எல்லாம் ஹெலன் அக்கா கையிலதான் இருக்கு. ஒரே அடுப்புல பொங்கணும்லா, ஆளைப் பாத்துட்டுத்தான் சரிம்பாங்க. நீ வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசு."

"என்ன பேசட்டும்?"

"எதையாவது பேசு. சமையலைப் பத்திப் பேசு. ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தா அகம்பாவம்னு நினைப்பாங்க."

ஹெலன் அக்கா ஜெயசிங் அண்ணன் சம்சாரம். மார்த்தாண்டம் பக்கம். பி.எட். படிச்சவங்க. சிரிக்கவே மாட்டாங்க. வண்டியில் போறப்போ நான் பேசலாம்னு வாயைத் திறந்தா அவங்க ஜன்னலுக்கு வெளியே பாப்பாங்க. அவங்க என் பக்கம் திரும்பினா நான் வெளியே பாப்பேன். போற வழி பூரா இப்படித்தான். மலையா வருது, மொட்டை மலை, அதில் பாக்க என்ன இருக்கு? ஆனா நாங்க ரெண்டு பேரும் அப்படிப் பாத்தோம்.

அப்புறம் மலை முடிஞ்சு மணல். மணல்னா சும்மா இல்லை, கண்ணு போற தூரம் மணல். எங்க வீட்டுக்காரர், "எப்படி?"ன்னு கேட்டார். இங்கேதான் அக்கா என் வாய் சும்மா இருக்கலை. பேச வேண்டிய இடத்தில் பேசாத வாய், இங்கே பேசுச்சு.

"இதென்ன, எங்க தேரிதான். கலர்தான் வேற. நான் பாக்காத மணலா?"

தேரி உங்களுக்குத் தெரியும்லா, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வரும், செக்கச் செவேர்னு மணல்மேடா. கொல்லாம்பழம், அதான் முந்திரிப்பழம், பொறுக்க நான் சின்னதில் கண்ணை மூடிக்கிட்டு நடந்த இடம். அந்தத் திமிர்.

அவர் சொன்னார், "ஏட்டி, தேரில வழி தப்பினா பஸ் ரோடு வரும். இங்க வழி தப்பினா அடுத்த நாடு வரும்."

ரெண்டு கூடாரம் போட்டாங்க. ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். ஹெலன் அக்கா வீட்டிலேயே மீன் குழம்பு வச்சு எடுத்துக்கிட்டு வந்திருந்தாங்க. மணலில் அடுப்பு மூட்டிச் சூடு பண்ணினாங்க. நான் எந்திரிச்சுப் போனேன், உதவிக்கு. "நீ இரி, நான் பாத்துக்கிடுதேன்"னாங்க. உக்காந்துட்டேன். சாப்பிட்டோம். அந்தக் குழம்பில் மீனும் இருந்தது, புளியும் இருந்தது, தேங்காயும் இருந்தது. ஒண்ணுக்கொண்ணு முகம் கொடுத்துப் பேசலை. எங்களை மாதிரியே. நான் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, "நல்லாருக்குக்கா"ன்னேன். அன்னைக்கு நான் அவங்ககிட்டப் பேசின ஒரே வார்த்தை. அதுவும் பொய்.

அவங்க ஒண்ணு மட்டும் சொல்லியிருந்தாங்க. "ஒதுங்கப் போகணும்னா தனியாப் போகப்பிடாது. என்னைக் கூப்பிடு, டார்ச் இருக்கு." நல்ல பேச்சுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அறை கேக்கப் போற இடத்தில் முதல் முதலா நான் கேக்கிறது இதுவாவா இருக்கணும்? அடக்கிப் பாத்தேன். பொழுது சாஞ்சு இருட்டு கட்டுது. பாப்பா அவங்க அப்பா மடியில் படுத்து ஆகாசத்தைப் பாத்துக்கிட்டிருந்தா. ஆம்பிளைங்க ரெண்டு பேரும் கம்ப்ரஸர் பேச்சில் இருந்தாங்க. நான் யாருக்கும் தெரியாம எந்திரிச்சேன்.

வழி தெரிய அடையாளம் வச்சுக்கிடணும்லா. தேரிப் பழக்கம், கொல்லாமரத்தைத்தான் அடையாளம் வைப்போம். தாழப் படர்ந்து, கூன் போட்டாப்பில கிடக்கும். அதே மாதிரி ஒரு புதர் மணல்மேட்டு மேலே இருந்தது. சரி, இதுக்கு இடது பக்கம் திரும்பினா கூடாரம்னு மனசில் குறிச்சுக்கிட்டேன். மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தா புதரைக் காணோம்.

எந்திரிச்சுப் போயிருச்சு அக்கா.

ஒட்டகம். படுத்திருந்த ஒட்டகத்தைப் போய் கொல்லாமரம்னு அடையாளம் வச்சவ நான். அதுவும் அப்போ தெரியலை. மரத்தைத் தேடிக்கிட்டு அந்த மேட்டுக்கும் இந்த மேட்டுக்கும் நடந்தேன். அப்புறம் தூரத்தில் அது நின்னு என்னைத் திரும்பிப் பாத்தப்போதான் தெரிஞ்சது. அதுக்குள்ளே எந்த மேட்டில் ஏறினேன், எதில் இறங்கினேன், ஒண்ணும் நினைவில்லை. கூப்பிட்டா கேக்குமே, கூப்பிடலாம்லா? என்னன்னு கூப்பிட? எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொன்னது கிடையாது. "ஹெலன் அக்கா"ன்னு கத்தினா, எதுக்குப் போனேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும். வெக்கப்பட்டுக்கிட்டே வழி தப்பினவ உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். கடைசியில் பயம் வெக்கத்தைத் தள்ளிட்டு முன்னே வந்து, கத்தினேன். அப்போ காத்து எதிரே அடிச்சது.

ஒரு வெளிச்சம் தெரிஞ்சது. நம்ம அடுப்புதான்னு ஓடினேன். போய்ப் பாத்தா பெரிய கூடாரம், கீழே கம்பளம், தலையணை, சுத்தி அரபிக் குடும்பம். ஆம்பிளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. தலையில் மணல், கையில் ஒத்தைச் செருப்பு.

அவங்களில் பெரியம்மா ஒருத்தி, கை நிறைய மருதாணி, எந்திரிச்சு வந்து என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சா. என்னமோ கேட்டா. நான், "வழி தெரியல, எங்க வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், பச்சைக் கூடாரம், நீலக் கூடாரம், பாப்பா இருக்கா"ன்னு அழுதுக்கிட்டே தமிழில் சொன்னேன். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பொண்ணு காப்பி ஊத்திக்கிட்டிருந்தா. பெரியம்மா அவளைப் பாத்தா, அவ அரபியில் என்னமோ சொன்னா. உடனே ஆம்பிளைங்க வண்டியை எடுத்துக்கிட்டு எங்கேயோ போயிட்டாங்க. நான் நினைச்சேன், வேத்துப் பொம்பளை வந்திருக்கான்னு மரியாதைக்கு விலகிப் போறாங்கன்னு. எவ்வளவு நல்ல சனம்னு அந்த அழுகையிலும் நினைச்சேன்.

அப்புறம் பால். பாப்பா குடிக்கிற நேரம், சுடிதார் முன்பக்கம் நனைஞ்சு போச்சு. நான் குனிஞ்சு மறைக்கிறேன். பெரியம்மா பாத்துட்டா. ஒண்ணும் கேக்காம அவ சால்வையை எடுத்து என் மேலே போத்தி விட்டா. அதில்தான் அக்கா நான் உடைஞ்சேன். இல்லைன்னா நான் பேசியிருக்கவே மாட்டேன்.

அந்தப் பொண்ணு சின்னக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தா. கைப்பிடி இல்லாத கிண்ணம். பாலும் இல்லை, சீனியும் இல்லை, கசாயம் மாதிரி, ஏலக்காய் வாசம். குடிச்சுட்டுக் கிண்ணத்தை நீட்டினேன், வாங்கிக்கிடட்டும்னு. மறுபடி ஊத்தினா. ஊத்தினதை வைக்கிறது மரியாதையில்லையேன்னு குடிச்சேன். நீட்டினேன். ஊத்தினா. "போதும்மா"ன்னேன். ஊத்தினா. எத்தனை கிண்ணம்னு எனக்கே தெரியாது. காப்பி உள்ளே போகப் போக என்ன ஆச்சோ தெரியலை, பேச்சு வெளியே வந்தது. அவங்களுக்குத்தான் புரியாதே. அந்தத் தைரியம்.

எல்லாத்தையும் சொன்னேன். அறை விஷயம் சொன்னேன். "எம்மா, அந்த ஹெலன் அக்கா சிரிக்கவே மாட்டா. படிச்ச திமிரு. ரூம் தருவாளோ மாட்டாளோ. அவ வச்ச மீன் குழம்பு இருக்கே, அதைக் கடலில் கொண்டு விட்டா மீன் கரையேறிரும். புளி ஊறவே இல்லை. தேங்காயை அரைச்சாளா ஒடைச்சாளான்னு தெரியலை. அதைப் போய் நல்லாருக்குன்னேன். எனக்கு மட்டும் அந்த அடுப்பில் ஒரு ஓரம் கொடுத்தான்னா நான் வைக்கிற குழம்புக்கு அவ புருஷன் சட்டியை நக்குவான். ரூம் தரலைன்னா ஊருக்குப் போகணும். பாப்பா அப்பாவுக்கு போனில் முத்தம் கொடுக்கணும்"னு அழுறேன், பேசுறேன், குடிக்கிறேன். பெரியம்மா எல்லாத்துக்கும் தலையாட்டுறா. என் முகத்தைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன். அந்தக் காப்பிப் பொண்ணு மட்டும் என்னையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தா. ஊத்துற கை நிக்கலை.

வண்டி திரும்பி வந்தது. ஏறுன்னு கை காட்டினாங்க. பெரியம்மா ஏறினா, அந்தப் பொண்ணும் ஏறினா. நேரே எங்க கூடாரத்தில் கொண்டு நிறுத்தினாங்க. பச்சை, நீலம். அட, இவங்களுக்கு எப்படித் தெரியும்னு எனக்கு ஆச்சரியம். கடவுள் செயல்னு நினைச்சுக்கிட்டேன்.

இறங்கினதும் எங்க வீட்டுக்காரர் கிட்ட வரலை, பாப்பாவைத் தோளில் வச்சுக்கிட்டு நின்ன இடத்திலேயே நின்னார். ஹெலன் அக்காதான் ஓடி வந்தாங்க. காலில் செருப்பு இல்லை. குரல் கம்மிப் போயிருந்தது, கத்திக் கத்தி. என் ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்கினாங்க.

"எங்க போன மக்ளே? உனக்கு வாய் இல்லியா? என்னைக் கூப்பிடப்பிடாதா? கூப்பிட்டா நான் கடிச்சா தின்னுருவேன்?"

நான் வழக்கம்போல நின்னேன். டீச்சர் கேள்வி கேட்ட மாதிரி. அப்போ பின்னால் இருந்து ஒரு குரல், சுத்தமான தமிழில்.

"அவங்களை ஏசாதீங்க அக்கா. வெக்கத்தில உங்களக் கூப்பிடல்ல எண்டு சொன்னாங்க."

அந்தக் காப்பிப் பொண்ணு. முக்காடைக் கொஞ்சம் விலக்கிக்கிட்டு நிக்கிறா.

அக்கா, எனக்குக் கால் மணலுக்குள்ளே போயிருச்சு. அங்கேயே புதைச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். யோகேஸ்வரின்னு பேரு. மட்டக்களப்புப் பொண்ணு. அந்த வீட்டில் வேலைக்கு இருக்கா, மரியம்னு கூப்பிடுறாங்க. நான் அழுதுக்கிட்டுச் சொன்னதை அந்த நிமிஷமே பெரியம்மாவுக்குச் சொல்லி, ஆம்பிளைங்களைத் தேட அனுப்பி வச்சதே இவதான்.

ஹெலன் அக்கா அவளையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. "அங்க இவ பேசினாளா? எங்ககூட ஒரு வார்த்தை பேசாம வண்டியில மூஞ்சியத் திருப்பிட்டு வந்தாளே. என்ன பேசினா?"

நான் யோகேஸைப் பாத்தேன். கண்ணாலேயே கெஞ்சினேன். அறை போச்சு, விசா போச்சு, எல்லாம் இவ நாக்கு நுனியில் இருக்கு. அவ என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா.

"உங்களுக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாது எண்டு சொன்னாங்க."

ஜெயசிங் அண்ணன் தொண்டையைக் கனைச்சார். எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டார்.

"அறை குடுத்தா தானே வைப்பாங்களாம். புருசனையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போக ஏலாது எண்டு அழுதாங்க" அப்படின்னா.

ஹெலன் அக்கா முகத்தைக் கையால மூடிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. நான் அழுறாங்கன்னு நினைச்சேன். சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே மணலில் உக்காந்துட்டாங்க.

"கேட்டியளா? நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லுதேன், எனக்கு மீன் வராதுன்னு. ஒரு மனுசராவது உள்ளதச் சொல்லிச்சா? எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு என்னையே வைக்க வச்சு..." அப்புறம் என்னைப் பாத்து, "அடுப்புல பாதி இல்ல மக்ளே, மீன்னா முழு அடுப்பும் உனக்குத்தான்"னாங்க.

அறை கிடைச்சது அப்படித்தான். இன்னைக்கு வரைக்கும் மீன் நான்தான். ஹெலன் அக்கா இப்பவும் அதிகம் பேச மாட்டாங்க, பாவம், அவங்களுக்குக் கூச்சம். நானும் பேச மாட்டேன். ஆனா வேலை முடிஞ்சு வந்தா ஜெயசிங் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், என்னன்னு தெரியலை.

யோகேஸ் வண்டியில் ஏறப் போனப்போ நான் கையைப் பிடிச்சேன். எனக்குக் கோவம். "தமிழ் தெரியும்னு முதலில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தேடப் போயிருக்காங்கன்னாவது சொல்லியிருக்கலாம்லா? அவ்வளவு காப்பியையும் ஊத்திக்கிட்டே இருந்தியே பாவி."

"போதும் எண்டா கிண்ணத்தை இப்பிடி ஆட்டிக் குடுக்கணும் அக்கா. ஆட்டாட்டி ஊத்தத்தான் வேணும்." கையை ஆட்டிக் காட்டினா. "சொல்லத்தான் வாயெடுத்தன். நான் தமிழ் எண்டு தெரிஞ்சா நீங்க வெக்கத்தில நிப்பாட்டிருவீங்க. பக்கத்தில இருந்து ஆராவது தமிழில கதைச்சிக் கேட்டு எவ்வளவு காலம். அதான்... ஊத்தினன்."

பிடிச்ச கையை விடாம என் போன் நம்பரைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவங்க வீட்டுப் பெரியம்மா நல்லவ, வெள்ளிக்கிழமை போன் பேச விடுவா. வீட்டுக்குப் பேசிட்டு எனக்கும் கூப்பிடுவா யோகேஸ். நான் பேசுவேன், அவ கேப்பா. குழம்பு கொதிக்கிறதைக் கூடச் சொல்லுவேன். இப்போ ஊருக்குக் கிளம்பும்போது, "உனக்கு என்ன கொண்டாரட்டும்? உடன்குடிக் கருப்பட்டி கொண்டாரட்டா?"ன்னு கேட்டேன்.

"ஒண்டும் வேணாம் அக்கா. பஸ்ஸில, சந்தையில ஆக்கள் கதைக்கிறத போனில பிடிச்சிக் கொண்டு வாங்க. வேற ஆக்கள். உங்கட குரல் எனக்குப் பழகிப் போச்சி."

அதான் அக்கா, இந்த போன். கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க ஏறினதில் இருந்து ஓடிக்கிட்டிருக்கு. முதலிலேயே கேட்டிருக்கணும், எப்படிக் கேக்கன்னு தெரியாமத்தான் எதையோ பேச ஆரம்பிச்சேன். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சுருறேன்.

வேண்டாம்னு சொல்லலை. சரி. ஆனா அந்தா பாருங்க, தேரியே வந்துருச்சு. இவ்வளவு தூரத்துக்கும் இதில் என் குரல்தான் இருக்கு. இதைக் கொண்டு போய்க் கொடுத்தா யோகேஸ் என்ன சொல்லுவா?

நீங்க பேசுங்க அக்கா. உங்க ஊர் எது, எங்கே போறீங்க, வீட்டில் இன்னைக்கு என்ன குழம்பு, எதுவானாலும் சரி. கொஞ்சம் போன் பக்கமாக் குனிஞ்சு சொல்லுங்க. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.